அட்டையில் இல்லாத வரி

போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அப்பா மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தார். வாளியில் இருபது லிட்டர் தண்ணீர், நாலு கிலோ டிஏபி. தைப்பட்டத்தில் விதைத்த வம்பன் 8 உளுந்து பூவுக்கு வந்திருந்தது. டிஏபியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வடிகட்டி, இருநூறு லிட்டராகப் பெருக்கி ஒரு ஏக்கருக்கு அடிப்பார்கள். பூ உதிராது, காய் திரளும். எங்கள் பக்கத்தில் உளுந்து போடுகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி போகிற வழியில் வம்பனில்தான் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விதையின் பேரிலேயே எங்கள் பக்கத்து ஊர் இருக்கிறது.

காலையில் வடிகட்டியபோது வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் கசடு தங்கியிருந்தது. "இது என்னப்பா?" என்றேன்.

"கல்லு தம்பி. அது கரையாது."

அவர் சும்மா சொன்ன வார்த்தைதான். ஆனால் சரியான வார்த்தை. டிஏபி என்பது உண்மையிலேயே கல்லிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் அதைப் போடுகிறார்கள். நான் இன்ஜினியரிங் முடித்து, சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து, பத்து வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது மாமா. அம்மாவின் தம்பி. ஒரு வருஷமாக அவருக்குச் சிறுநீரகம் சரியில்லை. மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள், கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. அன்றைக்கு மதியம் வீட்டுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, ஓரமாகக் கிடந்த காலி மூட்டையைக் காலால் தள்ளினார். "எல்லாம் இந்தக் கருமத்தாலதான் மாப்ள. உரத்துல ஏதோ காட்மியம்னு ஒன்னு இருக்காம்ல. யூடியூப்ல போட்ருக்கான்."

அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன்.

*

மாமா சொன்னதில் பாதி உண்மை.

காட்மியம் ஒரு கன உலோகம். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். சீக்கிரம் வெளியேறாது. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகக் குறைவதற்கே பத்து முதல் முப்பது வருஷம் ஆகும் என்கிறார்கள். இதன் கோரத்தை உலகம் பார்த்தது ஜப்பானில். தொயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆற்றின் கரையில், நெல்வயல் வேலை பார்த்த நடுவயதுப் பெண்களுக்கு எலும்பு ஒடிந்தது, இருமினாலே விலா எலும்பு முறிந்தது. ஊர்க்காரர்கள் அந்த நோய்க்கு 'இடாய் இடாய்' என்று பேர் வைத்தார்கள். 'வலிக்குது வலிக்குது' என்று அர்த்தம். மலைமேல் இருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து, ஆற்றுத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து, அரிசிக்குள் காட்மியம் ஏறியிருந்தது. 1968-ல்தான் அரசாங்கம் அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. கெட்டுப்போன வயல்களின் மண்ணை மாற்றுகிற வேலை 2012 வரைக்கும் நடந்தது. இது சுரங்கத்தின் கதை, உரத்தின் கதை இல்லை. ஆனால் மண்ணுக்குள் போன காட்மியத்தை வெளியே எடுக்க என்ன பாடுபட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

உரத்துக்குள் அது எப்படி வருகிறது? கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போயிருக்கிறேன். செம்பட்டையாக அரித்துக் கிடக்கும் பூமி. குனிந்து தேடினால் சுருள் சுருளாகக் கடல் உயிரிகளின் படிவம் கிடைக்கும். சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் அது கடலடி. அங்கே உருண்டை உருண்டையாகப் பாஸ்பேட் கற்களும் கிடக்கின்றன. நான் அன்றைக்கு ஒன்றைப் பொறுக்கி, கல்தானே என்று தூக்கிப் போட்டுவிட்டேன். உலகத்தின் பாஸ்பேட் பெரும்பாலும் இப்படிக் கடலடியில் படிந்த பாறைதான். மிதவை உயிரிகள் பாஸ்பரஸோடு காட்மியத்தையும் உடம்பில் சேர்த்து வைத்து, செத்து, அடியில் படிந்தன. அதனால் கடல்படிவப் பாறையில் காட்மியம் இருக்கும், இடத்துக்கு இடம் அளவு மாறும். உலகத்தின் பாஸ்பேட் இருப்பில் பெரும்பங்கை வைத்திருக்கும் மொராக்கோவின் பாறை இந்த வகை. இன்னொரு வகை, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை. ரஷ்யாவின் கோலா தீபகற்பம், தென்னாப்பிரிக்காவின் பலபோர்வா, இலங்கையின் எப்பாவல இதெல்லாம் அந்த வகை. அதில் காட்மியம் மிகக் குறைவு.

பாறையைப் பொடித்து கந்தக அமிலத்தில் போட்டால் பாஸ்பாரிக் அமிலமும் ஜிப்சமும் பிரியும். அமிலத்தோடு அம்மோனியாவைச் சேர்த்தால் டிஏபி. பாறையில் இருந்த காட்மியத்தில் கொஞ்சம் ஜிப்சத்தோடு போய்விடும், பெரும்பகுதி அமிலத்தோடு உரத்துக்குள் வந்துவிடும். எங்கள் வாளியில் தங்கிய கசடைப் பார்த்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. காட்மியத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, மோந்து பார்க்கவும் முடியாது.

*

எனக்குத் தெரிந்த ஒரே வேலை கணக்குப் போடுவது. அதனால் போட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் ஒரு உரச் சட்டம் கொண்டுவந்தது. 2022 ஜூலையிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் வரை இருக்கலாம். நம் மூட்டையில் மணிச்சத்து 46 சதவீதம் என்று போட்டிருப்பதும் இதே பென்டாக்சைடின் கணக்குதான். ஐம்பது கிலோ மூட்டையில் அது 23 கிலோ. 23-ஐ 60-ஆல் பெருக்கினால் 1380 மில்லிகிராம். அதாவது ஐரோப்பாவின் எல்லையைத் தொடுகிற டிஏபி ஒரு மூட்டை போட்டால் வயலுக்குள் 1.4 கிராம் காட்மியம் போகும். ஒரு சிட்டிகை உப்பைவிடக் கொஞ்சம் கூட.

ஒரு ஏக்கர் நிலத்தின் மேல்மண், அரையடி ஆழத்துக்கு, ஏறக்குறைய 850 டன். அதில் 1.4 கிராம் கலந்தால், கிலோவுக்கு 0.0016 மில்லிகிராம். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். வருஷத்துக்கு இரண்டு மூட்டை, முப்பது வருஷம் என்று வைத்துக்கொண்டேன். பயிர் எடுத்துக்கொண்டதையும் தண்ணீரோடு போனதையும் கழிக்காவிட்டால், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூடியிருக்கும். மாசுபடாத மண்ணிலேயே இயல்பாகக் காட்மியம் கொஞ்சம் இருக்கும், பெரும்பாலும் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அதோடு ஒப்பிட்டால் 0.1 பயந்து ஓடவேண்டிய எண் இல்லை. கண்டுகொள்ளாமல் விடுகிற எண்ணும் இல்லை, ஏனென்றால் அது ஏறுமே தவிர லேசில் இறங்காது.

ஆனால் நான் போட்டது ஐரோப்பாவின் எல்லையை வைத்து. எங்கள் மூட்டையில் உண்மையில் எவ்வளவு? எரிமலைப் பாறையிலிருந்து வந்திருந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மோசமான கடல்படிவப் பாறை என்றால் நான் போட்டதைவிடக் கூட இருக்கலாம். திண்ணையில் கிடந்த மூட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 2022 அக்டோபரிலிருந்து எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மானிய உர மூட்டையில் 'பாரத்' என்ற ஒரே பேர்தான் பெரிதாக இருக்கும். 18-46-0 இருந்தது. 1350 ரூபாய் என்று விலை இருந்தது. பாறை எந்த நாட்டுப் பாறை, காட்மியம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை.

அம்மாவிடம் கேட்டு பீரோவிலிருந்து மண்வள அட்டையை எடுத்தேன். 2015-லிருந்து நாடு முழுக்கக் கொடுக்கிற அட்டை. பன்னிரண்டு வரிகள். தழை, மணி, சாம்பல். கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம். எல்லாமே மண்ணில் என்ன குறைகிறது, என்ன வாங்கிப் போடலாம் என்று சொல்கிற வரிகள். மண்ணில் என்ன சேர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிற வரி அதில் கிடையாது.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருளில். சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். எடுக்கப்படாத ரத்தப் பரிசோதனையின் முடிவைத் திரையில் '0' என்று காட்டும்படி எழுதிவிட்டேன். டேட்டாபேஸில் அந்த இடம் காலி. காலியை நான் ஜீரோவாக மாற்றிவிட்டேன். சோதனைக் கட்டத்திலேயே சீனியர் அண்ணன் ஒருவர் பிடித்துவிட்டார். திட்டவில்லை. "எடுக்காத டெஸ்ட்டும் ஜீரோ வந்த டெஸ்ட்டும் ஒன்னா?" என்று மட்டும் கேட்டார்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத்தான் நினைத்தேன். இத்தனை வருஷமாக எங்கள் வயலின் காட்மியத்தை எல்லோரும் ஜீரோ என்றே வாசித்திருக்கிறோம். மாமாவின் யூடியூப்காரர் அதே காலி இடத்தை 'விஷம்' என்று வாசிக்கிறார்.

*

அன்று ராத்திரி நானும் அதே தப்பைச் செய்தேன். சாப்பிடும்போது, "இவ்வளவு வருஷமா என்ன இருக்குன்னே தெரியாம விஷத்தக் கொட்டிருக்கோம்ப்பா" என்றேன். 'கொட்டிருக்கோம்' என்று என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆனால் கொட்டியது அவர் கை.

அப்பா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தச் செம்மண்ணுல, தோண்டுனா செம்புறாங்கல்லு, மழைய நம்பி ஏக்கருக்கு ரெண்டு மூட்டை உளுந்து எடுக்கறதே பெரும்பாடு. பயறு பண்ணையிலேருந்து வந்து சொன்னாங்க, சொசைட்டியில கடன்ல கொடுத்தாங்க, போட்டேன். காய் புடிச்சுது. நீ காலேஜுக்குப் பணம் கட்டுன. அந்த மூட்டையில என்ன கெடக்குன்னு நான் எங்க போயித் தெரிஞ்சுக்க? இப்ப பாஸ் மிஷின்ல என் கைரேகை வச்சாத்தான் மூட்டை. என்னப் பத்தி அதுக்கு எல்லாம் தெரியும். அதப்பத்தி எனக்கு எதாச்சும் சொல்லிருக்கா?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

காட்மியத்தைக் குறைக்கிற வழிகளைப் படித்தபோது அவர் சொன்னது இன்னும் உறைத்தது. அந்த வழிகளில் பெரும்பாலானவை வயலுக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. பாறையை ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டால் காட்மியம் ஆவியாகிப் போகும். எரிபொருள் செலவு தாங்காது. பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து கரைப்பான்களை வைத்துப் பிரித்தெடுக்கலாம், ஜிப்சத்தோடு சேர்த்துப் படிய வைக்கலாம்; பிரித்ததைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். ஒரு டன் பென்டாக்சைடுக்கு ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் ஏற்கனவே மலையாகக் குவிகிறது. எல்லாவற்றிலும் மலிவான வழி, காட்மியம் குறைந்த பாறையைப் பார்த்து வாங்குவது, அல்லது இரண்டையும் கலப்பது. இவை சுரங்கமும் துறைமுகமும் ஆலையும் எடுக்கவேண்டிய முடிவுகள். 1906-ல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்ததிலிருந்து இன்றுவரை நம் பக்கத்து விவசாயியிடம் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை.

சட்டம் கேட்டால் ஆலை கேட்கும். ஐரோப்பாவில் 60-ஐ எல்லையாக வைத்து, பிறகு 40, பிறகு 20 என்று படிப்படியாக இறக்கலாம் என்றுதான் 2016-ல் முதலில் முன்மொழிந்தார்கள். 20 என்று வைத்தால் மொராக்கோ பாறைக்குக் கதவு சாத்தப்படும், ரஷ்யாவுக்குத் திறக்கும் என்று பெரிய சண்டை. கடைசியில் 60-லேயே நின்றது. 20-க்குக் கீழே இருந்தால் 'காட்மியம் குறைவு' என்று மூட்டையில் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் சேர்த்தார்கள். அரைகுறைதான். ஆனாலும் அங்கே ஒரு எண் இருக்கிறது. நம்முடைய 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையில் துத்தநாக சல்பேட்டுக்குக் காட்மிய எல்லை இருக்கிறது, நகரக் குப்பை உரத்துக்கு இருக்கிறது. நான் வாசித்த டிஏபி பட்டியலில் ஈரப்பதம், தழை, மணி, குருணை அளவு இவைதான் இருந்தன.

*

அந்த வாரமே மாமாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் உரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் மாமாவின் ஃபைலை என் பக்கம் திருப்பினார். பதினைந்து வருஷச் சர்க்கரை. கட்டுப்படாத பிரஷர். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. "இவ்வளவு இருக்கும்போது வேற காரணம் தேடணுமா?" என்றார்.

வெளியே வந்ததும் மாமா பீடி பற்றவைத்தார். நான் படித்ததில் ஒன்றை அப்போது சொல்லியிருக்க வேண்டும். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். புகைபிடிக்கிறவர்கள் உடம்பில் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்மியம் இருக்கும். நான் சொல்லவில்லை. ஒருத்தர் தன் நோய்க்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, அதை உருவ எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னேன். "அப்ப ரெண்டுமே வுடணுமா மாப்ள?" என்று சிரித்தார்.

இலங்கையில் இதே கேள்வி ஒரு நாட்டின் கேள்வியாக இருந்தது. அனுராதபுரம், பொலனறுவை பக்கத்து விவசாயிகளிடம் தொண்ணூறுகளிலிருந்து காரணம் புரியாத சிறுநீரக நோய். காட்மியத்தைச் சந்தேகப்பட்டார்கள், உரத்தைச் சந்தேகப்பட்டார்கள், ஆர்செனிக், பூச்சிமருந்து, கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, வெயிலில் உடம்பு வறள்வது என்று பட்டியல் நீண்டது. ஒற்றைக் காரணம் என்று எதுவும் நிலைக்கவில்லை. ஆனால் 2021-ல் அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தபோது, சொன்ன காரணங்களில் இந்த நோயும் இருந்தது. விளைச்சல் விழுந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அந்த வருஷக் கடைசியிலேயே தடையைத் தளர்த்தினார்கள். அளந்து, கெட்ட பாறையை மட்டும் நிறுத்தியிருந்தால் யாரும் தெருவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இயற்கை உரத்துக்குப் போய்விடலாம் என்ற ஆசை. மறுபடி கணக்குப் போட்டேன். நகரக் குப்பை உரத்துக்கு நம் சட்டம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம். டிஏபியைவிடச் சின்ன எண். ஆனால் குப்பை உரத்தை ஐம்பது கிலோ போட மாட்டோம், டன்னில் போடுவோம். எல்லையைத் தொடுகிற குப்பை உரம் ஏக்கருக்கு இரண்டு டன் கொட்டினால் பத்து கிராம். ஏழு மூட்டை டிஏபி. நம் வீட்டுச் சாணியை நான் சொல்லவில்லை; பேட்டரியும் பெயிண்டும் கலந்து வரும் நகரக் குப்பையைச் சொல்கிறேன். அதனால்தான் அதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். எந்த மூட்டையாக இருந்தாலும் எண்ணைக் கேட்கத்தான் வேண்டும்.

2017-ல் பக்கத்தில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தபோது நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் எங்கள் திருவரங்குளம் ஒன்றியத்தையும் சேர்த்தார்கள். நிலத்தைத் தோண்ட ஒருவன் லாரியோடு வந்தால் எங்களுக்குத் தெரியும். ஊரே கூடும். ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாக வருவதற்கு எதிராக எங்கே போய் உட்கார்வது?

*

வயலில் செய்ய முடிந்தது கொஞ்சம் இருந்தது. அதை அப்பாவிடம் சண்டை இல்லாமல் சொன்னேன். மண் புளித்துப்போனால், அதாவது அமிலத்தன்மை ஏறினால், பயிர் காட்மியத்தைக் கூடுதலாக இழுக்கும். சுண்ணாம்பு அதைக் குறைக்கும். துத்தநாகம் போதுமான அளவு இருந்தால் காட்மியத்துக்கு வேரில் இடம் குறையும். மக்கிய எரு அதைப் பிடித்து வைக்கும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்கிறவரை அது கட்டுண்டு கிடக்கும், வயல் காயும்போது அவிழும். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்த வயலுக்கு மறுபடி டிஏபி கொட்ட வேண்டியதில்லை. மண்ணில் பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக்கொடுக்க பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டே போதும்.

கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். "கீழ வயலுக்கு அதிகம்னுதான் போட்ருந்தான். நாந்தான் எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன்."

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' எனக்குப் பழக்கமான வார்த்தை. எங்கள் ஆபீஸில் பாதி சர்வர் அதில்தான் ஓடுகிறது.

கிளம்புவதற்கு முந்தைய நாள், மண்ணைச் சென்னைக்கு எடுத்துப்போய் உலோகங்கள் பார்க்கிற ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். நானே போய் மேலாக ஒரு கை மண்ணை அள்ளி பாலிதீன் கவரில் போட்டேன். அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி எடுக்கக் கூடாது."

இறங்கி வந்தார். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடம் காட்டினார். ஒவ்வொரு இடத்திலும் மேலே இருந்த சருகை ஒதுக்கி, அரையடிக்கு 'வி' மாதிரி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரைக்கும் சீராக மண்ணைச் சுரண்டி எடுத்தார். இரும்பு மண்வெட்டி பட்ட இடத்தை மரக்குச்சியால் வழித்துத் தள்ளினார். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, அரைக் கிலோவில் நிறுத்தினார். பயறு பண்ணையில் கற்றுக்கொண்டதாம். முதல் கவரில் பென்சிலால் 'கீழ வயல்' என்று எழுதிய துண்டுச் சீட்டைப் போட்டார்.

நான் கவரைக் கட்டப் போனேன். "இரு" என்றார். "இத மட்டும் பாத்தா அது மண்ணோட வந்ததா, மூட்டையோட வந்ததான்னு எப்படித் தெரியும்?"

வயலின் மேற்கு மூலையில் ஒற்றைப் பனை நிற்கிறது. எங்கள் ஊர்க் கோயிலின் தலபுராணத்தில் பொன்பனை வரும், பக்கத்து ஊருக்குப் பேரே பொற்பனைக்கோட்டை. எங்கள் வீட்டுப் பனை வெறும் பனை. தாத்தா காலத்திலிருந்து அதன் அடி மண்ணை யாரும் உழுததில்லை, அங்கே ஒரு பிடி உரம் விழுந்ததில்லை. அப்பா அங்கே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதே அரையடி ஆழத்துக்கு வெட்ட ஆரம்பித்தார்.

இரண்டாவது கவரின் சீட்டில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"பனையடின்னு எழுது. பக்கத்துல, எதுவும் போடாததுன்னு எழுது."